மிளகாய் முதலிய காய்கறி விதைகளை வீட்டினுள் முளைகட்டல்

நாற்றங்காலில் தூவுவதற்கு முன்னரோ, அதற்குப் பதிலாகவோ, காய்கறி விதைகளை வெயிலும் மழையும் எறும்பும் கோழியும் அணுகாத ஓரிடத்தில் ஈரமூட்டி அங்குரிக்கச் செய்யும் முறை. குளிர்நாடுகளில் பனிக்காலம் கழியுமுன் விதைக்கு உஷ்ணம் தேடித் தருவதே இதன் நோக்கம். தென்தமிழ்நாட்டிலோ, உஷ்ணத்துக்குப் பஞ்சமில்லாமையால், ஈரத்தை ஒரே நிலையில் காப்பதே முதற்காரியமாகும். சங்கரன்கோவில், கோவில்பட்டி, சிவகாசி ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவே அமைந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய திருவேங்கடத்தைச் சூழ்ந்த கரிசல் நிலம், நனைந்தால் குழைந்தும் காய்ந்தால் வெடித்தும் போகும் இயல்பினது. கரிசலில் மானாவாரி மிளகாயை நேரே விதைத்துவிடலாமாயினும், கிணற்றுத் தோட்டத்து மிளகாய் நாற்றுவிட்டே நடப்படுவதால், அதற்கு இம்முறை உதவுகிறது.

விதையை மனையகத்தே முளைப்பிக்கும் கலை இந்நாட்டில் மிளகாயைவிட மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கண்ணகியின் மணவினைக்கு வந்த மகளிருள் முளைப்பாலிகை ஏந்தியோரும் கூறப்படுகின்றனர். ஆலயங்களில் மகோற்சவத்துக்கு முன் நிகழும் அங்குரார்ப்பணமும், மண் எடுத்து வந்து பாலிகைகளில் நிரப்பித் தானியங்களை முளைப்பிக்கும் கிரியையே. இவ்விரண்டைக் காட்டிலும் அனுபவ ஞானம் மிகுந்தது, அம்மன் கொடைக்கும் பொங்கலுக்கும் கிராமத்துப் பெண்கள் வளர்க்கும் முளைப்பாரி. அகன்ற சட்டியில் மண்ணும் பொடித்த சாணமும் இட்டு, ஊறிய தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு முதலியவற்றைத் தூவி, இருண்ட அறையில் வைத்து, வேளை தவறாது நீர் தெளித்து வருவர். கதவைத் திறக்கும்போது கீற்றாக விழும் ஒளியன்றி வேறு வெளிச்சம் காணாத அத்தளிர்கள், பச்சை ஏறாமல், வெளிர்மஞ்சளாய்ச் சாண் கணக்கில் நிமிர்ந்து நிற்கும். வளர்த்தவளின் விரதசுத்தியே இதற்குக் காரணம் என்பர் ஊரார், ஒளியின்மையே காரணம் என்பர் தாவர நூலார், பின்னதே சரி. எவ்வளவு ஈரம், எத்தனை நாள் இருள் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த இம்மகளிரின் தேர்ச்சியே, பிற்காலத்தில் வந்த மிளகாய் விதைக்கும் துணைநின்றது என்று கொள்வதே பொருத்தம். ஆயினும் முளைப்பாரிக்கு அழகு தரும் வெளிர்ப்பும் நெடுமையும் மிளகாய் நாற்றுக்குக் கேடாகும்.

அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வாயிலாக இந்தியாவை அடைந்து, மிளகுபோல் உறைக்கும் காய் என்னும் பொருளில் இப்பெயர் பெற்றது. லின்னேயஸ் 1753இல் இதனைக் காப்சிகம் அன்னுவம், காப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ் என இரண்டாக வகுத்தார். இன்று பயிராகும் இனங்கள் ஐந்து. அவற்றுள் ஒன்றுக்கு 1776இல் ஜாக்குவின் என்னும் தாவர நூலார் சீனத்தின் பெயரைச் சூட்டியது வெறும் பிழை; அதுவும் அமெரிக்கச் செடியே. நம் சம்பா மிளகாயும் குண்டு மிளகாயும் அன்னுவம் இனத்தன. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வழங்கிய ரகங்கள் கே.1, கே.2 என்பன, பின்னது சாத்தூர்ச் சம்பாவின் வழித்தோன்றல்.

மிளகாய் விதையில் முளைவேரின் முன்னுள்ள முளைசூழ்தசை கடினமானது. அது நெகிழும்வரை வேர் வெளிப்படாது. தக்காளி ஐந்தாறு நாளில் முளைக்க, மிளகாய்க்கு எட்டு முதல் பத்து நாள் ஆவது இதனாலேயே. சான்று விதைக்குரிய குறைந்த அளவு முளைப்புத்திறன், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதமாயிருக்க, மிளகாய்க்கு 60 சதவீதம் போதுமென வைக்கப்பட்டுள்ளது. விதையை ஓரிரவு ஊறவைத்து வடித்து, பழைய வேட்டித் துண்டில் தளர முடிந்து, அடுப்பின் நேர்வெப்பம் படாத மூலையில் வைத்தல் வேண்டும்; 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உகந்த உஷ்ணம். முடிச்சை அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் தெரியவேண்டுமேயன்றிச் சொட்டலாகாது. புளித்த வாடை வீசுமாயின் காற்றோட்டம் குறைந்ததென்று அறியலாம். விதையின் விளிம்பில் ஊசிமுனை போன்ற வெண்வேர் தென்பட்ட அன்றே மண்ணில் இட்டுவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் வேர் துணியின் இழைகளில் கோத்துக்கொண்டு, எடுக்கும்போது அறுந்துபோம். பாகல், சுரை, பீர்க்கு இவற்றின் விதைத்தோல் தடித்ததாகையால் ஊறல் கூடுதலாக வேண்டும். கீரைக்கு இச்சிரமமெல்லாம் வேண்டா.

மண்ணுக்கு மேல் தலைகாட்டிய நாற்றை அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவராவிடில், முளைப்பாரிபோல் நெடுத்துச் சாய்ந்துவிடும். நெருக்கமும் மிகையான நீரும் பித்தியம் என்னும் பூசணத்தால் நேரும் நாற்றழுகலுக்கு இடங்கொடுக்கும். இதனைத் தடுக்க, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது வழக்கம். 40 முதல் 45 நாள் வயதில் நாற்றைப் பிடுங்கி நடலாம். இக்காலத்தில், 98 குழிகள் கொண்ட தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, நிழல்வலைக் குடில்களில் வளர்த்த நாற்றை விலைக்கு வாங்கி நடுவோரும் உளர்.