எல்லைத் தேற்றங்களும் சுயாதீன சித்தமும்: மார்க்கொவ் – நெக்ராசொவ் விவாதம் குறித்து ஒரு நோக்கு

நிகழ்தகவுக் கோட்பாட்டின் வரலாற்றைச் சூதாட்ட மேசையிலே தொடங்கிக் காப்புறுதிக் கணக்கிலே முடித்துவிடுவது பாடநூலாசிரியர் பலரின் வழக்கம். அக்கோட்பாட்டின் முதன்மையான தேற்றங்களுட் சில, சமயச் சார்புள்ள ஒரு கருத்துப் போராட்டத்தினூடே பிறந்தவை என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

ஒன்றையொன்று சாராத சோதனைகளைப் பன்முறை செய்யுமிடத்துச் சராசரி நிலைபெறும் என்னும் பேரெண் விதி, 1713 இல் வெளிவந்த யாக்கோப் பேணூலியின் நூலிலே நிறுவப்பட்டது. 1835 இல் பெல்ஜிய அறிஞர் கெத்தலே, மணங்கள், குற்றங்கள் முதலியவற்றின் தொகை ஆண்டுதோறும் பெரிதும் மாறாதிருப்பதை எடுத்துக்காட்டினார். மனிதன் தன் விருப்பின்படி செயற்படுகிறானா, சமுதாய விதியொன்று அவனை இயக்குகிறதா என்ற வினா அதனோடு கூர்மையடைந்தது.

1902 இல் இதற்கு விடை கூற முன்வந்தவர் மொஸ்கோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரான நெக்ராசொவ். இறையியற் கல்லூரியிற் பயின்று கணிதத்துக்கு வந்த இவர், வைதிகத் திருச்சபையினதும் சார் ஆட்சியினதும் ஆதரவாளர். பேரெண் விதி செல்லுபடியாவதற்குச் சாராமை இன்றியமையாத நிபந்தனை. சமுதாயப் புள்ளிவிபரங்களிலே அவ்விதி காணப்படுகின்றது. எனவே மனிதச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை, அஃதாவது சுயாதீன சித்தத்தால் எழுபவை என்பது அவர் வாதம். கணிதமே திருச்சபைக்குச் சாட்சி சொல்வதாயிற்று!

சென் பீற்றர்ஸ்பேர்க்கின் அந்திரேய் மார்க்கொவ் இதனைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவரல்லர். தோல்ஸ்தோயைத் திருச்சபை 1901 இல் விலக்கிவைத்தமையை மனத்திற்கொண்டு, 1912 இல் தம்மையும் நீக்குமாறு தாமே விண்ணப்பித்தவர் அவர். 1913 இல் ரொமானொவ் வம்சத்தின் முந்நூறாண்டு விழா கொண்டாடப்பட, பேரெண் விதியின் இருநூறாண்டு விழாவை அவர் ஒழுங்குசெய்தார்.

ஆயினும் மார்க்கொவின் மறுப்பு கணித மறுப்பேயாகும். போதிய நிபந்தனையொன்றை இன்றியமையாத நிபந்தனையாகக் கொண்டதே நெக்ராசொவின் வழு. 1906 இல் கசான் கணிதச் சஞ்சிகையில் வெளியான கட்டுரையில், அடுத்த நிலை இன்றைய நிலையைச் சார்ந்திருக்கும் தொடர்களை அவர் அமைத்து, அவற்றுக்கும் பேரெண் விதி பொருந்துமென நிறுவினார். அவையே இன்று மார்க்கொவ் சங்கிலிகள் எனப்படுகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் மைய எல்லைத் தேற்றத்தையும் அவற்றுக்கு நீட்டினார்.

அவர் காட்டிய உதாரணம் இலக்கிய மாணவர்க்குச் சுவையானது. புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்தில் 20,000 எழுத்துகளை எண்ணினார். அவற்றுள் உயிர் 8,638, மெய் 11,362. உயிரை அடுத்து உயிர் வரும் நிகழ்தகவு 0.128, மெய்யை அடுத்து உயிர் வருவது 0.663. சார்பு வெளிப்படை. ஆனால் இவ்விரு எண்களின் வேறுபாடு 0.535 ஆதலால், ஓரெழுத்தின் செல்வாக்கு அடியெடுத்துவைக்குந்தோறும் அவ்விகிதத்திற் குறைகின்றது; பத்தடி கடந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 0.002 மட்டுமே. தொடர் தன் கடந்தகாலத்தை மறக்கின்றது. விதி நிற்பதற்கு அம்மறதியே போதுமானது. சார்பு முற்றாக மறைந்துவிடுகிறதென்பதுமன்று: இச்சங்கிலியிலே செவ்வன் பரம்பல் மாறாது வர, உயிர்களின் தொகைக்குரிய மாறற்றிறன் சாராத எழுத்துகளுக்குரியதில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடுகின்றது.

இங்கு ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றோம். மார்க்கொவ் சுயாதீன சித்தத்தைப் ‘பொய்ப்பித்தார்’ என முற்போக்காளர் சிலர் மகிழ்வதுண்டு. அது நெக்ராசொவின் வழுவையே மறுதலையாகச் செய்வதாகும். சராசரியின் நிலைபேறு சாராத செயல்களிலிருந்தும் வரலாம், சார்ந்த செயல்களிலிருந்தும் வரலாம் எனின், அதனைக் கொண்டு இரண்டில் எதையும் நிறுவவியலாது.

மார்க்கொவின் சங்கிலிகள் பின்னர் எழுமாற்று இயக்கத் தொகுதிகள் பற்றிய ஆய்வுக்கு அடிப்படையாயின. ஒரு புள்ளியை நகர்த்தும் உருமாற்றங்கள் சிலவற்றுள், ஒவ்வோரடியிலும் ஒன்றைக் குலுக்கலால் தேர்ந்து பிரயோகிக்குமிடத்து, அப்புள்ளியின் பயணம் மார்க்கொவ் சங்கிலியாகவே அமைகின்றது. முழுக் கடந்தகாலத்தையும் சார்ந்த சங்கிலிகளை 1937 இல் பரிசில் போர்தேயுடன் சேர்ந்து ஆராய்ந்த வொல்ப்காங் டொய்ப்ளின், நாசிகளின் ஜேர்மனியிலிருந்து வெளியேறிய யூத எழுத்தாளர் அல்பிரெட் டொய்ப்ளினின் மகன். பிரெஞ்சுப் படைவீரராயிருந்த அவர், 1940 ஜூனில் பகைவர் கையிற் சிக்கவிருந்த வேளையிலே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 25.

வரிசை மாறினால் விடையும் மாறும் தாயப் பெருக்கங்களுக்கு ஃபேர்ஸ்டன்பேர்க்கும் கெஸ்டனும் 1960 இல் பேரெண் விதியை நிறுவினர்: எழுமாறாகத் தேர்ந்த தாயங்களின் பெருக்கம் வளரும் வீதத்தின் மடக்கை நிலைபெறுகின்றது. நேர் உறுப்புகளையுடைய தாயங்களுக்கு மைய எல்லைத் தேற்றத்தையும் அவர்கள் தந்தனர். மேலும் பொதுவான தாயங்களுக்கு அதனை 1982 இல் ல பாஜ் விரிவுபடுத்தினார். டொய்ப்ளினும் போர்தேயும் கையாண்ட செயலி முறையின் வளர்ச்சியே அவர் கருவி. புஷ்கினின் எழுத்துகளிற் கண்ட 0.535 போன்றதோர் எண், ஒன்றிலும் சிறியதென நிறுவுவதே அங்கும் முதற்பணி.