ஐஸ்பெட்டி வாங்கித் தந்த நேரம்

2008 செப்டம்பரில் ஹிதேந்திரனின் இதயத்தைச் சென்னைப் போக்குவரத்தை நிறுத்திக் கொண்டுபோனது பலருக்கும் நினைவிருக்கும். அதே பையனின் சிறுநீரகங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இதயம் 4 மணி நேரம் போலத்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள்கூடக் காத்திருக்கும்.

அந்தப் பொறுமை தானாக வரவில்லை. வெறும் ஐஸில் வைத்தால் செல்லுக்குள் சோடியமும் தண்ணீரும் ஏறி, ஊறவைத்த உலர்திராட்சை மாதிரி உப்பிவிடும். 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெஃப்ரி காலின்ஸ், பால் டெராசாகி குழுவினர், செல்லுக்குள் இருப்பதைப் போலவே பொட்டாசியம் மிகுந்த கரைசலைச் செலுத்தி, நாயின் சிறுநீரகத்தை ஐஸில் 30 மணி நேரம் வைத்துக் காட்டினார்கள். பெல்சர் என்ற மருத்துவர் அதற்குச் சற்று முன்பே இயந்திரத்தால் காத்திருந்தார். ஆனால் ஐஸ்பெட்டியை யாரும் தூக்கிப் போகலாமே!

டெராசாகி, பொருத்தம் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை 1964-ல் உருவாக்கியவர். பரிசோதனைக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தையும் அவரே தேடிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது உயிருள்ளவர் கொடுத்த தானம், காத்திருப்பு தேவைப்படவில்லை. 1994 சட்டம் மூளைச்சாவை ஏற்ற பிறகுதான் நமக்கு இந்தப் பெட்டியின் அருமை தெரிந்தது.

பெருமாநல்லூர் வழியே கோவைக்கு ஆம்புலன்ஸ் விரையும்போது, "உறுப்புக்காக அவசரமாகச் சாவு அறிவிக்கிறார்கள்" என்று டீக்கடையில் பேச்சு வரும். சட்டப்படி மூளைச்சாவுப் பரிசோதனை, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. நாலு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். ஐஸ்பெட்டியின் கடிகாரம் அதற்குப் பிறகுதான், குடும்பமும் சம்மதித்தால்தான், ஓடத் தொடங்கும்.