சங்ககிரி மலையும் ஒரு பந்தியும்



வாழப்பாடியிலிருந்து சேலம் வழியாக மேற்கே சென்றால் சங்ககிரி மலை தென்படும். சபையாராகக் கூடி, வெயில் ஏறுமுன் ஏறிப் பார்க்கத்தக்க பழங்கோட்டை அது. அடுக்கடுக்கான மதில்களையும் வாயில்களையும் கடந்தே உச்சியை அடைய வேண்டும். வழியில் கோயிலும் தர்காவும் உண்டு.

திப்பு சுல்தான் வசமிருந்த இம்மலை, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப்பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1799இல் திப்பு மடிந்த பின்னரும், அவர் பக்கம் நின்ற தீரன் சின்னமலை பணியவில்லை. காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கம்பெனிப் படையை எதிர்த்துப் பொருதார். போர்க்களத்தில் பிடிபடாத அவரை, அன்றாடம் அன்னம் சமைத்தளித்தவரே காட்டிக்கொடுத்தார் என்று கொங்கு மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். 1805ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, சகோதரர்களோடு அவர் இக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

கோட்டையைத் தகர்க்கப் பீரங்கி வேண்டும். நம்பிக்கையைத் தகர்க்க ஒரு சொல் போதும். நம் ஆண்டவரும் பந்தியில் உடனிருந்தவனாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டார் அல்லவா?

ஆகவே, மலையிறங்கி அடிவாரத்தில் கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது இதை நினைவுகூருங்கள். சாதியும் வசதியும் பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்து பகிர்ந்துண்ணுங்கள். அருகில் அமர்ந்து உண்டவரை மறுநாள் புறங்கூறுவதும் காட்டிக்கொடுத்தலே. அவரோடு மனத்தாங்கல் இருப்பின், இலையை எடுக்குமுன் அவரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.