கரைச் சுறாவேட்டை: ரீலும் நரம்பும்

படகேறாமல் கடற்கரையிலோ பாலத்திலோ நின்று சுறா பிடிக்கும் தூண்டில் விளையாட்டு. அமெரிக்காவின் டெக்சாஸ், ஃபுளோரிடா கரைகளில் பரவலானது.

1964 ஜூன் 14 அன்று தென் கரோலினாவின் செர்ரி குரோவ் தூண்டில் பாலத்தில் வால்டர் மேக்ஸ்வெல் பிடித்த புலிச்சுறா 1,780 பவுண்டு (சுமார் 807 கிலோ) எடையுடன் உலகச் சாதனையானது.

படகில் இருப்பவர் மீனைத் துரத்தலாம். கரையில் நிற்பவரால் முடியாது. இரையையே கயாக்கில் ஏற்றிச் சில நூறு மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு வருவார்கள். சுறா அங்கிருந்து ஓடத் தொடங்கும். ஆகவே ரீலில் முதலில் பார்க்க வேண்டியது நரம்பின் (தூண்டில் இழையின்) கொள்ளளவு. பென் செனட்டர் போன்ற பெரிய ரீல்கள் இதனால்தான் பெயர் பெற்றன.

அடுத்தது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக். நரம்பு ஓட ஓட உருளையின் விட்டம் குறையும். பாதியானால், பிரேக் திருகைத் தொடாமலே இழுவிசை இரட்டிப்பாகும். எனவே தொடக்கத்தில் இழுவிசையை நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம்: 80 பவுண்டு நரம்புக்கு ஏறத்தாழ 25 பவுண்டு.

பின்னல் நரம்பு மெல்லியது, நிறைய கொள்ளும். ஆனால் மணல்திட்டில் உரசினால் நைந்துவிடும். அதனால் அடியில் பின்னல், மேலே தடித்த தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு), முனையில் கம்பி எனக் கட்டுகிறார்கள். வெறும் உருளையில் பின்னல் வழுக்கும் என்பதால் அதற்கும் அடியில் சில சுற்று தங்கூசி உண்டு.

ஃபுளோரிடாவில் 2019 ஜூலை முதல் கரைச் சுறாவேட்டைக்குத் தனி அனுமதி தேவை.