ஆற்றைக் காணோம்: ஸ்கிரீன்ஷாட்டின் குட்டி வரலாறு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது ஞாபகம் இருக்கும். எங்கெல்லாம் கறை இருந்தது என்று வரைபடத்தில் குறிக்க, நானும் நண்பனும் பிறகு ஒரு வலைப்பக்கம் செய்தோம். (பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எதுக்கு என்று கேட்காதீர்கள். வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்!) பட்டனை அழுத்தினால் வரைபடம் படமாகச் சேமிக்கப்பட வேண்டும். அழுத்தினோம். நாங்கள் வைத்த சிவப்புப் புள்ளிகள் எல்லாம் வந்தன. கொசஸ்தலையாற்றைத்தான் காணோம். வெறும் வெள்ளை.

ஏன் என்று தேடப்போய்க் கிடைத்த கதை இது.

1995-ல் நெட்ஸ்கேப்பில் ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த காலத்திலேயே, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்கக் கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. 2004-ல் ஆப்பிள் 'கேன்வாஸ்' என்ற வரைபலகையைக் கொண்டுவந்தது. இதில் வரைவதைப் படக்கோப்பாக எடுக்கலாம். ஆனால் முழுப் பக்கத்தையும் அதில் எப்படி ஏற்றுவது?

2011-ல் நிக்லாஸ் வான் ஹெர்ட்ஸன் 'ஹெச்டிஎம்எல்2கேன்வாஸ்' நூலகத்தை எழுதினார். உண்மையில் இது திரையைப் போட்டோ எடுப்பதே இல்லை. பக்கத்தில் எந்த எழுத்து எங்கே, என்ன நிறம் என்று படித்து, கேன்வாஸில் மறுபடி வரைகிறது. கேமராக்காரர் அல்ல, பார்த்து வரையும் ஓவியர்!

இங்கேதான் பழைய விதி குறுக்கே வருகிறது. வேறு சர்வரின் படம் விழுந்தால் கேன்வாஸ் 'கறைபட்டது' ஆகிவிடும். பிறகு அதைச் சேமிக்க உலாவி விடாது. அதனால் நூலகம் அப்படிப்பட்ட படங்களை விட்டுவிடுகிறது. எங்கள் வரைபடத் துண்டுகள் வேறு சர்வரிலிருந்து வந்தவை. விதி எரிச்சலாக இருந்தாலும் நியாயமானது. நீங்கள் லாகின் செய்து பார்க்கும் படத்தை வேறு தளம் நகலெடுத்தால் சும்மா இருப்பீர்களா? அந்தச் சர்வர் அனுமதி தந்திருந்தால் மட்டும் எடுக்கலாம். எங்களுடையது தந்திருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை. ஒரு வரி சேர்த்ததும் ஆறு வந்துவிட்டது.

நிஜத் திரையையே பிடிக்கும் வசதி 2019-ல் குரோம் 72-ல் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பயனர் சம்மதிக்க வேண்டும்.

எண்ணூரில் ஆறு காணாமல் போவது புதிதல்ல. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிறகு வந்த வேறொரு அரசு வரைபடத்தில் இல்லை என்று 2017-ல் சூழல் ஆர்வலர்கள் ஆவணங்களோடு குற்றம் சாட்டினார்கள். அதைச் சரிசெய்ய ஒரு வரி நிரல் போதாது.

இன்னொன்றும் புரிந்தது. மறுபடி வரைந்த படத்தில் எதையும் மாற்றிவிடலாம், அதனால் அது மட்டுமே சாட்சி ஆகாது. இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் அசல் போட்டோவையும் தேதியையும் சேர்த்தே வைக்கிறோம். உங்களிடம் அந்த நாட்களின் படங்கள் இருந்தால் அழித்துவிடாதீர்கள் நண்பர்களே.