லாக்ஸ்டன்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் கவுன்டியில் உள்ள ஒரு சிற்றூர் லாக்ஸ்டன். வேலியும் வரப்பும் இல்லாத பெருவயல்களைப் பல குடியானவர்கள் பங்கிட்டு, ஒரே பயிர்முறைக்குக் கட்டுப்பட்டு உழும் பழக்கம் ஒருகாலத்தில் மத்திய இங்கிலாந்து முழுவதும் இருந்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கும் ஊர் என்பதே லாக்ஸ்டனின் தனிச்சிறப்பு. டெவனில் பிரான்டனிலும், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவுப் பகுதியிலும் இத்தகைய வயல்களின் எச்சங்கள் உண்டு. ஆனால் வயலோடு சேர்த்து அதை ஆளும் மேனர் (பிரபுவின் நிலவுடைமை) நீதிமன்றத்தையும் காப்பாற்றி வைத்திருப்பது லாக்ஸ்டன் மட்டுமே.

அமைவிடமும் நிலமும்

ஓலர்ட்டனுக்குக் கிழக்கே, டக்ஸ்ஃபோர்டுக்குத் தென்மேற்கே, மென்மையாக ஏறி இறங்கும் களிமண் மேட்டில் ஊர் அமைந்திருக்கிறது. மேற்கே ஷெர்வுட் காட்டின் மணற்பாங்கான நிலம். கிழக்கே டிரென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. லாக்ஸ்டனின் மண் கனத்த செங்களி. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகும். கோதுமைக்கு நல்லது, உழுபவனுக்குக் கடினமானது.

ஊரைச் சுற்றிப் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது பண்ணை வீடுகள் நிற்கும் இடம். மற்ற ஊர்களில் பெருவயல்கள் தனித்தனியாகப் பிரித்து வேலியடைக்கப்பட்டபோது விவசாயிகள் தங்கள் நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். இங்கே ஒருவரின் நிலம் ஒரே இடத்தில் இல்லை. ஊரின் மூன்று பெருவயல்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதனால் பண்ணை வீடுகள் தெருவோரமாகவே நெருங்கி நிற்கின்றன. செங்கல் வீடுகளும் களஞ்சியங்களும் பல இடங்களில் தெருவுக்குப் பக்கச்சுவரைக் காட்டி நிற்க, பின்னால் நீண்டு குறுகிய கொல்லைகள் போகின்றன.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெருவயல்கள் எஞ்சியுள்ளன. மூன்றும் சேர்ந்து சுமார் 480 ஏக்கர். ஆலை வயல் என்ற பெயர் அங்கிருந்த காற்றாலையால் வந்தது. கிழக்கு வயல் என்று நான்காவது ஒன்றும் இருந்தது. அது வேலியடைப்பில் போய்விட்டது. வயல்களுக்கு உள்ளே, ஏர் ஏற முடியாத ஓடைச்சரிவுகளில் புல் பட்டைகள் விடப்பட்டுள்ளன. இவற்றை ஊரார் ‘சைக்’ என்கிறார்கள். ஏரே படாத நிலம் என்பதால் வேறெங்கும் அருகிவிட்ட பழைய புல்வெளிப் பூச்செடிகள் இவற்றில் செழிக்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாக இவை பாதுகாக்கப்படுகின்றன.

பழைய வரலாறு

ஊர்ப்பெயர் ‘லேக்சா என்பவனின் மக்கள் குடியிருப்பு’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் ‘லாக்ஸிண்டூன்’ என்ற வடிவில் வருகிறது. நார்மானியர் வருமுன் டோக்கி என்பவர் வசம் இருந்த மேனர், பதிவுக் காலத்தில் ஜெஃப்ரி ஆல்செலினிடம் இருந்தது. பிரபுவுக்குக் கட்டுப்பட்ட 22 ‘வில்லன்’ குடியானவர்களும் ஏழு சிறுகுடிகளும் 40 ஏக்கர் புல்வெளியும் கணக்கில் வருகின்றன. முன்பு ஒன்பது பவுண்டு மதிப்பிருந்த ஊர் இப்போது ஆறு பவுண்டுதான் என்று பதிவேடு சொல்கிறது. நார்மானியப் படையெடுப்பின் அழிவு இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஊருக்கு வடக்கே மண்மேட்டுக் கோட்டை ஒன்று உண்டு. கல்லும் மரமும் போய்விட்டன; மேடும் அகழிகளும் இன்னும் தெளிவாக நிற்கின்றன. நாட்டிங்காம்ஷயரில் இந்த வகைக் கோட்டைகளில் மிக நன்றாக எஞ்சியிருப்பவற்றுள் இது ஒன்று. ஆல்செலினின் வழிவந்த டி கோ குடும்பத்தாரும், அவர்களுக்குப் பின் எவரிங்காம் குடும்பத்தாரும் ஷெர்வுட் அரசக் காட்டின் பரம்பரைக் காவலர்களாக இருந்தார்கள். புனித மைக்கேல் தேவாலயத்தில் எவரிங்காம் குடும்பத்தாரின் படுத்த நிலைச் சிலைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஓக் மரத்தில் செதுக்கப்பட்ட பெண்ணின் உருவம். கல்லில் வடித்த தன் உறவினர்களுக்கு நடுவே, ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளாக அந்த மரப்பெண் படுத்திருக்கிறாள்.

13ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்ப்பெயரைத் தாங்கிய லெக்சிங்டன் குடும்பம் அரசுப் பணியில் உயர்ந்தது; அவர்களில் ஹென்றி 1254இல் லிங்கன் ஆயரானார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1713இல் பெயர்பெற்ற லெக்சிங்டன் நகரத்துக்கும் லாக்ஸ்டனுக்கும் தொடர்பு உண்டா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஊரின் பெயரே அங்கு போனது என்பர் ஒருசாரார். அக்காலத்து லெக்சிங்டன் பிரபுவின் பெயரால் வந்தது என்பர் மற்றவர். பிரபுவின் பட்டமே இந்த ஊர்ப்பெயரின் ஒரு வடிவம் என்பதால் இரு வழியிலும் வேர் இங்கேதான் முடிகிறது எனலாம்.

எவரிங்காம் மரபுக்குப் பிறகு மேனர் ரூஸ் குடும்பத்தாரிடம் போய், பின்னர் சிலகாலம் பக்கிங்காம் டியூக்கின் கையிலும் இருந்தது.

1635ஆம் ஆண்டின் அளவை

லாக்ஸ்டனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு ஒரே ஆண்டிலிருந்து வருகிறது. அப்போது மேனரின் உடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். பிளாண்டர்ஸிலிருந்து அடைக்கலம் தேடி வந்த துணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1627இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். அரசர்களுக்கே கடன் கொடுத்தவர். 1635இல் முதலாம் சார்லஸ் மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இவரது வணிகக் குழுவுக்கு வணிக உரிமை கொடுத்தார். அடுத்த ஆண்டு கேப்டன் ஜான் வெட்டலின் தலைமையில் கோவாவுக்கும் சீனாவுக்கும் கப்பல்கள் புறப்பட்டன. அதே 1635இல்தான் தன் நாட்டிங்காம்ஷயர் கிராமத்தில் தனக்கு என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரையும் கோர்ட்டன் ஏற்பாடு செய்திருந்தார்.

பியர்ஸ் இரண்டு பொருள்களை விட்டுச் சென்றார்: ஒரு கணக்குப் புத்தகம், ஒரு வரைபடம். வயலில் கிடக்கும் ஒவ்வொரு கீற்று நிலத்தையும் யார் உழுகிறார், பரப்பு எவ்வளவு என்று புத்தகம் பதிவு செய்கிறது. ஒன்பது தோல் தாள்களில் தீட்டிய வரைபடம் அந்தக் கீற்றுகளை ஒன்றுவிடாமல் வரைந்து காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அன்று ஒரு குடியானவன் காலையில் ஏரோட்டிப் போன பாதையைக் கூட விரலால் தொடரலாம்.

பியர்ஸ் எல்லைக்கோடுகளோடு நிற்கவில்லை. ஏர் உழுபவர்களையும், அறுவடை செய்பவர்களையும், வேட்டைக்காரர்களையும் கைவிரல் நகத்தளவு உருவங்களாக வயல்களுக்குள் வரைந்திருக்கிறார். கோட்டை மேட்டருகே இப்போது இல்லாத மேனர் மாளிகை நிற்கிறது. வாடகைக் கணக்குக்காக வரைந்த படத்தில் இவையெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் அந்த ஊரின் மனிதர்கள் நம் கண்ணுக்குத் தெரிவது இந்தச் சிறு உருவங்களில்தான். வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

படத்தில் கீற்றுகள் நீண்டு குறுகி இருப்பதற்குக் காரணம் ஏர்தான். கனத்த களிமண்ணில் பல எருதுகள் பூட்டிய ஏரைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே திருப்பங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. வயலின் முடிவை நெருங்கும் முன்பே எருதுகளை ஒருபக்கமாக வளைத்ததால் பழைய உழவுமேடுகள் லேசாக நெளிந்திருக்கின்றன. பின்னாளில் புல்தரையாக விடப்பட்ட இடங்களில் இந்த நெளிவுகளை இன்றும் சாய்வெயிலில் பார்க்க முடியும்.

கோர்ட்டன் 1636இல் பெருங்கடனோடு இறந்தார். 1640 வாக்கில் மேனர் பியர்பான்ட் குடும்பத்துக்குப் போனது. கிங்ஸ்டன் பிரபுக்களாகவும் டியூக்குகளாகவும் இருந்த இவர்களின் வாரிசு 1806இல் மேன்வர்ஸ் பிரபு ஆனார்.

வேலியடைப்பிலிருந்து தப்பியது

1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் வந்தன. சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் இவற்றின் வழி பிரித்து வேலியடைக்கப்பட்டது. லாக்ஸ்டன் ஏன் தப்பியது என்பதற்கு ஒரே விடை இல்லை. ஊரில் மேன்வர்ஸ் பிரபுவுக்கு அடுத்த பெரிய நிலக்காரர் ஸ்கார்பரோ பிரபு. இருவருக்கும் இடையே நிலப் பரிமாற்றத்தில் உடன்பாடு வரவில்லை என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். செலவு பெரிது என்பதும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை சரிந்தபோது அந்தச் செலவைச் செய்யும் ஆசையே போய்விட்டது என்பதும் ஆய்வாளர்கள் சேர்க்கும் காரணங்கள். இந்த ஊரின் வரலாற்றை விரிவாக எழுதிய ஜே. வி. பெக்கெட் (1989) காலங்காலமாகப் பகுதி பகுதியாக வேலியடைப்பு இங்கும் நடந்ததைக் காட்டியிருக்கிறார். ஆகவே இன்றைய வயல்கள் 1635இன் வயல்களில் ஒரு பகுதியே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் நிர்வாகம் சிறு கீற்றுகளை ஒன்றிணைத்துப் பெரிதாக்கியது. எந்திரக் காலத்திலும் இவை உழவுக்கு உதவியதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

1938இல் சி. எஸ். ஆர்வினும் அவர் மனைவியும் ‘திறந்தவெளி வயல்கள்’ பற்றி எழுதிய நூல் லாக்ஸ்டனை உலகறியச் செய்தது. கீற்று நிலம் ஒரு நாள் உழவின் அளவிலிருந்து பிறந்தது, காடு வெட்டிச் சேர்ந்து உழுத முதல் குடியேறிகளின் ஏற்பாடு அது என்பது அவர்கள் வாதம். ஜோன் தேர்ஸ்க் 1964இல் இதை மறுத்தார். வாரிசுகளுக்கிடையே பிரிவினையும் மேய்ச்சல் நெருக்கடியும் சேர்ந்து, பல நூற்றாண்டுகளில் மெல்ல உருவான முறை இது என்றார். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

ஆட்சியும் நீதிமன்றமும்

பொது நிர்வாகத்தில் லாக்ஸ்டன், அருகிலுள்ள மூர்ஹவுஸ் குக்கிராமத்தோடு சேர்ந்த ஒரு பாரிஷ். இரண்டும் சேர்ந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 250. அதற்கு மேலே நியூவார்க்-ஷெர்வுட் மாவட்டக் கவுன்சிலும் நாட்டிங்காம்ஷயர் கவுன்டிக் கவுன்சிலும் இருக்கின்றன.

வயலின் ஆட்சி இவற்றுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு வயலும் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும்: முதலாண்டு குளிர்காலக் கோதுமை, அடுத்த ஆண்டு இளவேனிலில் விதைக்கும் பார்லி போன்ற பயிர், மூன்றாம் ஆண்டு நிலத்தை ஆறப்போடுவது. முன்பெல்லாம் ஆறப்போட்ட வயலில் ஊர்க் கால்நடைகள் பொதுவாக மேயும். இப்போது அதில் தீவனப் பயிர் வளர்கிறது. ஒருவர் மட்டும் சுழற்சியை மீறினாலோ, அடுத்தவர் கீற்றில் ஒரு சால் கூடுதலாக ஓட்டினாலோ முழு ஏற்பாடும் குலைந்துபோகும். வரப்பு இல்லாத இடத்தில் வரப்பாக நிற்பது ‘லீட்’ எனப்படும் மேனர் நீதிமன்றம்தான்.

நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ ஜூரி நாள் வரும். குத்தகைதாரர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரிகள் அவ்வாண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போய், எல்லை எல்லையாக நடந்து பார்ப்பார்கள். கீற்றுகளின் எல்லை விலகியிருந்தால் அளந்து புது முளை அடிப்பார்கள். பாதையையோ சைக்கையோ யாராவது உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். மறுவாரம் ஊரின் டவ்கோட் விடுதியில் நீதிமன்றம் கூடும். மேனரின் நிர்வாகியான ‘ஸ்டூவர்ட்’ முன்னிலையில் குறைகள் படிக்கப்படும். தவறியவர்களுக்குச் சிறு அபராதம் விதிக்கப்படும். அடுத்த ஜூரி உறுதிமொழி ஏற்கும். வழிதவறித் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் ‘பிண்டர்’ என்ற பதவியும் இந்த நீதிமன்றத்தைச் சேர்ந்தது. அவர் மாடடைக்கும் கொண்டித்தொழு ஊருக்குள் இன்னும் இருக்கிறது.

அபராதத் தொகை பெரிதல்ல. அக்கம்பக்கத்தாரே குற்றம் காண்பதும், அவர்கள் முன்னிலையிலேயே அது படிக்கப்படுவதும்தான் இதன் வலிமை. 1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் நாட்டின் பழைய மேனர் நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு மிகச் சரியான முடிவு.

அண்மைக் காலம்

1952இல் கடைசி மேன்வர்ஸ் பிரபு, வயல் முறை அழியாமல் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு மேனரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது கிரவுன் எஸ்டேட்டின் கைக்கு மாறியது. 2020இல் மேன்வர்ஸ் வழிவந்தோரின் தோர்ஸ்பி எஸ்டேட் அதைத் திரும்ப வாங்கியது. விடுதியை ஒட்டி வயல்களின் வரலாற்றை விளக்கும் காட்சியகம் ஒன்றும் உள்ளது.

உடைமை கைமாறினாலும் வயல் முறை தொடர்கிறது: மூன்று வயல்களும் முறைவைத்துக் கோதுமை வயலாவதால், ஒரு வயலின் எல்லைகளை ஜூரிகள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை முளையடித்துச் சரிபார்க்கிறார்கள்.