சீருடையும் அலையும்: பால்ராஜை வாசித்தல்

காரைக்கால், நெரவிப் பக்கத்துப் பெரிசுகளுக்கு ‘சொல்தா’ என்றால் விளக்கம் வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, இந்தோசீனாவரை போய், பென்ஷனோடு திரும்பியவர். சீருடை போட்டால் சில கதவுகள் திறக்கும் என்பது இந்த மண் அறிந்த விஷயம். பொறியியல் பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜின் வரலாற்றையும் அந்தக் கதவு வழியாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது.

1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே கடற்படைக்குப் போய்விட்டார். ‘தமிழன் சாதனை’ என்று மார்தட்டுகிறவர்களும், ‘மூளை ஏற்றுமதி’ என்று புலம்புகிறவர்களும் கதையை ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பம் அங்கே இல்லை. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது, 194 பேர் செத்தார்கள். நீருக்கடியில் எதிரியின் அரவம் கேட்க வேண்டிய சோனார் ஏறக்குறைய செவிடாக இருந்தது. அதைத் தேற்றும் வேலை, டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆய்விலிருந்த இந்த இளம் அதிகாரியிடம் வந்தது. 1983இல் கொச்சி கடற்படை ஆய்வகத்தில் அவர் தலைமையில் ‘ஆப்ஸோ’ என்ற முழுப் புதிய சோனார் தயாரானது.

சோனாருக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்? கணக்குப் போட்டால் தெரியும். ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. 6,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 25 செ.மீ. 1,200 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கும் அதே 25 செ.மீ.தான்! பல காதுகளை வரிசையாக வைத்து, எந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரிக்கிற கணிதம், பல ஆண்டெனாக்களுக்கும் பொருந்தும்.

1991இல் சீருடையைக் கழற்றி ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அங்கேயும் யோசனை பிறந்தது ராணுவ வேவுக்கான சமிக்ஞைப் பிரிப்புச் சோதனையில்தான். சுவர்களில் மோதித் திரும்பும் அலைகளைத் தொல்லை என்று தள்ளாமல், அவற்றைத் தனித்தனிப் பாதைகளாக்கி, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்புவது. 1992இல் தாமஸ் கைலாத்துடன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. உரிமையாளர் பல்கலைக்கழகம். ‘மைமோ’ எனப்படும் இது இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி அனைத்திலும் இருக்கிறது. 2014இல் மார்கோனி பரிசு.

யார் பணத்தில், யாருடைய பயத்தில் இந்த அறிவு விளைந்தது? இதை விருதுப் பட்டியல்கள் கேட்பதில்லை. தனிமனித மேதைமை என்ற கதையாடலுக்குள் இரண்டு ராணுவங்கள் மறைந்துபோகின்றன. (பால்ராஜின் திறமையைக் குறைப்பதல்ல இது, திறமைக்கு எது மேடை போட்டது என்பதே விஷயம்.)

மோதித் திரும்பச் சுவர்கள் அடர்ந்த நகரமே இந்த உத்திக்குத் தோதான நிலம். பட்டினச்சேரியிலிருந்து படகேறி ஆழத்துக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்ச தூரத்திலேயே செல்போன் அற்றுவிடுகிறது. பிறகு வி.எச்.எஃப். ரேடியோதான் துணை.